திறந்த பூட்டும் மறைந்த திறவுகோலும்

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கேள்வியோடு தொடங்குவோம். ஒரு தொழிற்சாலையில் பூட்டுச் செய்கிறார்கள். அந்தப் பூட்டுக்குள் எத்தனை நெம்புகோல்கள் இருக்கின்றன, வில் எங்கே இருக்கிறது, திறவுகோல் திரும்பும்போது எது எதை நகர்த்துகிறது என்பதையெல்லாம் படமாக வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று வாசலில் வைத்துவிடுகிறார்கள். திருடனும் ஒரு பிரதியை எடுத்துப் போகலாம். அந்தப் பூட்டை உங்கள் வீட்டுக் கதவுக்கு வாங்குவீர்களா?

"வேண்டவே வேண்டாம்" என்றுதான் உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். ஆனால் இன்று உலகெங்கும் எத்தனையோ வங்கிகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் தங்கள் கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும்போது இப்படிப்பட்ட பூட்டைத்தான் நம்புகின்றன. பூட்டும் மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படி இருந்தும் அது இரகசியத்தைக் காக்கிறது. எப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு கோப்பு

ஒரு நகரத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனை. பகல் முழுவதும் மருத்துவமனையிலிருந்து இரத்த மாதிரிகள் கூடத்துக்கு வருகின்றன. அங்குள்ள கருவிகள் அவற்றைச் சோதிக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு அன்றைய முடிவுகள் எல்லாம் ஒரே கோப்பாகத் திரட்டப்பட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். காலையில் மருத்துவர் வரும்போது ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு எதிரேயும் முடிவு தயாராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கூடத்தில் உள்ள கணிப்பொறியின் நிரலை ஒருவர் எழுதியிருப்பார். மருத்துவமனையின் நிரலை வேறொருவர் எழுதியிருப்பார். முன்னது நாளை முதலில் எழுதி மாதத்தைப் பின்னால் எழுதும். பின்னது ஆண்டை முதலில் எதிர்பார்க்கும். ஒன்று நோயாளியின் பெயரை முன்னால் வைக்கும். மற்றது எண்ணை முன்னால் கேட்கும். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷியைப் போல நின்று, ஒன்றிடமிருந்து கோப்பை வாங்கி, மற்றதற்குப் புரியும் விதத்தில் மாற்றி, கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மென்பொருள் தேவை. அதற்கு இணைப்பு மென்பொருள் என்று பெயர்.

இணைப்பு மென்பொருள்களில் ஒன்று 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'அப்பாச்சி கேமல்'. கேமல் என்றால் ஒட்டகம்! இது ஒரு திறந்த மூல மென்பொருள். அதாவது, இதன் நிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். இதில் வேலை எளிது. "இந்த இடத்திலிருந்து கோப்பை எடு, இப்படி மாற்று, அந்த இடத்தில் கொடு" என்று ஒரு பாதையை எழுதிவிட்டால் போதும். பிறகு மனிதர் யாரும் அருகில் இல்லாமலே ஒவ்வோர் இரவும் ஒட்டகம் சுமையைக் கொண்டுபோய் இறக்கிவிடும்.

கோப்பு எந்த வழியில் போக வேண்டும் என்பதையும் அந்தப் பாதையிலேயே குறிப்பிட வேண்டும். எஃப்.டி.பி. என்று எழுதினால் ஒரு வழி. எஸ்.எஃப்.டி.பி. என்று எழுதினால் வேறு வழி. பார்வைக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் முதல் வழியில் போகும் கோப்பை வழியில் உள்ளவர் படிக்க முடியும். இரண்டாவது வழியில் போவதைப் படிக்க முடியாது. ஓர் எழுத்து எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம்பிக்கையின் காலம்

கோப்புகளை ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஒரு பொது விதிமுறையை 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுதியவர் ஓர் இந்தியர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண் என்பவர். அப்போது அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார். 'கோப்பு மாற்று விதிமுறை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே எஃப்.டி.பி.

அன்றைக்கு 'அர்ப்பாநெட்' என்ற வலையில் இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் மட்டுமே. நம்பிக்கைதான் அங்கே காவல். ஆகவே எஃப்.டி.பி. முறையில் பயனாளர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்புவார். அதன்பின் கோப்பும் அப்படியே போகும். அஞ்சல் அட்டையில் எழுதி அனுப்புவது போலத்தான். வழியில் அதைக் கையில் எடுக்கும் எவரும் படிக்கலாம்.

வலை வளர்ந்து உலகையே சுற்றிக்கொண்ட பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஒரு கோப்பு உங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிறது என்றாலும், நடுவே அது பல கணிப்பொறிகளையும் பல நிறுவனங்களின் கம்பிகளையும் கடந்துதான் போகிறது. அவற்றுள் ஒன்றில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை யாராவது வைத்துவிட்டால்?

1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் அதுதான் நடந்தது. அங்குள்ள பல்கலைக்கழக வலையில் ஒருவன் ஒட்டுக்கேட்கும் நிரலை இரகசியமாக வைத்துவிட்டான். அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் சேர்ந்திருந்தன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டட்டு யுலோனென் என்பவர் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. சில மாதங்களில் தாமே ஒரு நிரலை எழுதினார். கணிப்பொறிகள் இரண்டும் பேசும் பேச்சு முழுவதையும் அது சங்கேதமாக மாற்றிவிடும். 1995 ஜூலையில் அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதன் பெயர் எஸ்.எஸ்.எச்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வலையில் ஒவ்வொரு சேவைக்கும் கதவு எண் போல ஓர் எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21. தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்கும் 'டெல்நெட்' என்ற பழைய முறைக்கு 23. இந்த இரண்டின் வேலையையும் தம் நிரல் பாதுகாப்பாகச் செய்யும் என்பதால், இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22ஐ யுலோனென் கேட்டு வாங்கினார். இன்றும் அதுதான் எண். எஸ்.எஸ்.எச். அமைத்துத் தரும் பாதுகாப்பான வழிக்குள் கோப்பை அனுப்பும் முறையே எஸ்.எஃப்.டி.பி. 1999இல், ஓப்பன்பி.எஸ்.டி. என்ற குழுவினர் இதன் திறந்த மூல வடிவத்தை 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது அதுவே.

பூட்டின் படம் எதிரியிடம் இருக்கட்டும்

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். நிரல் திறந்து கிடக்கிறதே, இரகசியம் எங்கே?

இதற்கு விடை கணிப்பொறி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, 1883இல் கூறப்பட்டுவிட்டது. ஆலந்து நாட்டில் பிறந்து பிரான்சில் மொழி கற்பித்துவந்த ஒகுஸ்த் கெர்க்காப்ஸ் என்பவர் இராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விதியைச் சொன்னார். சங்கேத முறையே எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஏன் அப்படி? எண்ணிப் பாருங்கள். ஒரு முறையை நூறு பேர் பயன்படுத்தினால் அந்த நூறு பேரில் ஒருவர் வாய் தவறினாலும் முறை வெளியாகிவிடும். பிறகு நூறு பேரும் புது முறையைக் கற்க வேண்டும். ஆனால் இரகசியம் திறவுகோலில் மட்டும் இருந்தால், தொலைத்தவர் தம் திறவுகோலை மாற்றிக்கொண்டால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. மறைத்து வைத்த பூட்டின் குறையை அதைச் செய்தவர் மட்டுமே தேட முடியும். படத்தைக் காட்டிவிட்டால் உலகத்து நிபுணர்கள் எல்லாரும் அதை உடைக்க முயன்று, குறை இருந்தால் சொல்லிவிடுவார்கள்.

இன்று பெரும்பாலும் பயன்படும் ஏ.இ.எஸ். என்ற சங்கேத முறை இப்படித்தான் பிறந்தது. 1997இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் உலகுக்கு ஒரு போட்டியை அறிவித்தது. பதினைந்து முறைகள் போட்டியில் ஏற்கப்பட்டன. எல்லாவற்றின் அமைப்பும் வெளிப்படையாக வைக்கப்பட்டது. நிபுணர்கள் ஒருவர் முறையை ஒருவர் தாக்கிப் பார்த்தார்கள். இறுதியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவரின் முறை வென்று, 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது.

அது என்ன செய்கிறது? கோப்பைப் பதினாறு பதினாறு எழுத்து அளவுள்ள துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் ஓர் அட்டவணையைப் பார்த்து வேறொன்றாக மாற்றுகிறது, இடம் மாற்றி வைக்கிறது, ஒன்றோடொன்று கலக்கிறது, திறவுகோலின் ஒரு பகுதியைச் சேர்க்கிறது. இப்படிக் குறைந்தது பத்துச் சுற்றுகள். படிகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் திறவுகோல் இல்லாமல் பின்னோக்கி வர முடியாது.

திறவுகோலை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாமே என்பீர்கள். ஏ.இ.எஸ். திறவுகோல்களில் சிறியதே 128 இரும எண்கள் நீளமுள்ளது. அதாவது, பூச்சியமோ ஒன்றோ 128 இடங்களில் வரும். மொத்த வாய்ப்புகள் இரண்டின் 128ஆம் அடுக்கு. எழுதினால் 39 இலக்கங்கள் வரும். நொடிக்கு ஓர் இலட்சம் கோடி திறவுகோல்களை முயலும் பொறி ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதைவிட 70 கோடி மடங்குக்கும் அதிகம். ஆனால் திறவுகோல் சிறிதாக இருந்தால் கதை வேறு. டி.இ.எஸ். என்ற பழைய முறையின் திறவுகோல் 56 இரும எண்கள் நீளமே. 1998இல் இதற்கென்றே செய்த ஒரு பொறி அதை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது.

திறவுகோலை எப்படிக் கொடுப்பது?

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. கூடம் கோப்பைப் பூட்டிவிட்டது. மருத்துவமனை அதைத் திறக்க அதே திறவுகோல் வேண்டுமே! அதை எப்படி அனுப்புவது? அதே கம்பியில் அனுப்பினால் ஒட்டுக்கேட்பவனுக்கும் கிடைத்துவிடும்.

பல நூற்றாண்டுகளாகத் தூதர்கள் கையில்தான் திறவுகோல்கள் பயணம் செய்தன. 1976இல் அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு வியப்பான வழியை வெளியிட்டார்கள். எல்லாரும் கேட்கும்படி பேசிக்கொண்டே இருவர் ஓர் இரகசிய எண்ணை அடையலாம் என்று காட்டினார்கள். அதைச் சிறிய எண்களைக் கொண்டு செய்து பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடமும் மருத்துவமனையும் முதலில் இரண்டு எண்களை வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்கின்றன: பகா எண் 17, அடிப்படை எண் 3. ஒட்டுக்கேட்பவனுக்கும் இவை தெரியும்.

கூடம் தன் மனத்துக்குள் 6 என்று நினைத்துக்கொள்கிறது. 3இன் 6ஆம் அடுக்கு 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15ஐ மட்டும் அனுப்புகிறது.

மருத்துவமனை தன் மனத்துக்குள் 7 என்று நினைத்துக்கொள்கிறது. 3இன் 7ஆம் அடுக்கு 2187. 17ஆல் வகுத்தால் மீதி 11. இந்த 11ஐ அனுப்புகிறது.

இப்போது கூடம் தனக்கு வந்த 11ஐத் தன் இரகசிய எண்ணான 6ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. விடை 17,71,561. அதை 17ஆல் வகுத்தால் மீதி 8. மருத்துவமனை தனக்கு வந்த 15ஐ 7ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. விடை 17,08,59,375. அதை 17ஆல் வகுத்தாலும் மீதி 8!

இருவரும் 8 என்ற ஒரே எண்ணை அடைந்துவிட்டார்கள். ஆனால் அந்த 8 கம்பியில் போகவே இல்லை. கம்பியில் போனவை 17, 3, 15, 11 ஆகியவையே. இது மந்திரமல்ல. 3ஐ முதலில் 6ஆம் அடுக்குக்கும் பிறகு 7ஆம் அடுக்குக்கும் உயர்த்தினாலும், வரிசையை மாற்றிச் செய்தாலும் கிடைப்பது 42ஆம் அடுக்குத்தான். நீங்கள் பள்ளியில் படித்த அடுக்கு விதிதான் இது.

ஒட்டுக்கேட்பவன் என்ன செய்வான்? "3இன் எந்த அடுக்கை 17ஆல் வகுத்தால் 15 மீதி வரும்?" என்று தேட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பதினாறே வாய்ப்புகள். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் நடைமுறையில் 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்கள் இம்முறையில் பயன்படுகின்றன. அடுக்குக்கு உயர்த்துவது அப்போதும் கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. திரும்பி வருவதற்கோ விரைவான வழி இன்றைய கணிப்பொறிகளிடம் இல்லை.

"இன்று இல்லை, சரி; நாளை?" என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி. குவாண்டம் கணிப்பொறி போதிய அளவில் அமைந்தால் இந்தக் கணக்கை விரைவில் போட முடியும் என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். இன்று போகும் சங்கேதத்தைப் பதிந்து வைத்து, பல ஆண்டுகள் கழித்துத் திறக்க ஒருவன் காத்திருக்கலாம். ஆகவேதான் 2022ஆம் ஆண்டிலிருந்து ஓப்பன் எஸ்.எஸ்.எச்., குவாண்டம் கணிப்பொறிக்கும் கடினமாக இருக்கும் என்று கருதப்படும் வேறொரு கணக்கையும் சேர்த்தே திறவுகோலை அமைக்கிறது.

நடுவில் நிற்பவன்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. இனிதான் பெரிய ஆபத்து.

ஒட்டுக்கேட்பவன் வெறுமனே கேட்காமல் நடுவில் வந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? கூடத்திடம் "நான்தான் மருத்துவமனை" என்கிறான். மருத்துவமனையிடம் "நான்தான் கூடம்" என்கிறான். இருவரோடும் தனித்தனியே மேற்சொன்ன கணக்கைப் போட்டு, இரண்டு இரகசிய எண்களைப் பெற்றுவிடுகிறான். கூடம் அனுப்பும் கோப்பை ஒரு திறவுகோலால் திறந்து படித்து, வேண்டுமானால் ஒரு நோயாளியின் இரத்த வகையையே மாற்றி எழுதி, மற்றத் திறவுகோலால் பூட்டி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறான். பூட்டு உறுதியானதுதான். ஆனால் நாம் பூட்டிக் கொடுத்த ஆள்தான் தவறு!

இதைத் தடுக்க எஸ்.எஸ்.எச். முறையில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் இணைத் திறவுகோல் உண்டு. ஒன்று அந்தரங்கமானது, சர்வரை விட்டு வெளியே போகாது. அதனால் கையொப்பமிடலாம். மற்றது பொதுவானது, அந்தக் கையொப்பம் உண்மையா என்று சரிபார்க்க மட்டும் உதவும். திறவுகோல் பேசி முடித்ததும் சர்வர் அந்தப் பேச்சின் மேல் கையொப்பமிட்டு அனுப்பும். கூடத்தின் கணிப்பொறி, தன்னிடம் முன்பே எழுதி வைத்திருக்கும் மருத்துவமனையின் பொதுத் திறவுகோலைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். நடுவில் நிற்பவனால் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது. இதற்கும் மேலாக, அனுப்பும் ஒவ்வொரு துண்டோடும் ஒரு முத்திரை எண் போகும். துண்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. இணைப்பு உடனே அறுந்துவிடும்.

ஆனால் முதன்முதலில் இணையும்போது எழுதி வைத்த திறவுகோல் ஏது? அப்போது நிரல் நம்மைக் கேட்கும்: "இந்தச் சர்வரின் கைரேகை இது. நம்பலாமா?" நாம் தொலைபேசியிலோ நேரிலோ மறுபக்கத்தாரிடம் கேட்டுச் சரிபார்த்து 'ஆம்' சொல்ல வேண்டும்.

இங்கேதான் இணைப்பு மென்பொருளில் தவறு நேர்கிறது. இரவு இரண்டு மணிக்கு 'ஆம்' சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? பதில் கிடைக்காததால் வேலை நின்றுவிடும். காலையில் முடிவுகள் வரவில்லை என்று மருத்துவமனையில் கூச்சல் எழும். அவசரத்தில் இருக்கும் பொறியாளர் ஒரு குறுக்கு வழியைக் காண்கிறார். சர்வரின் திறவுகோலைச் சரிபார்க்க வேண்டாம் என்று கட்டளை இடும் ஒரு வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. அதை எழுதிவிட்டால் அன்றிரவு முதல் கோப்பு தடையின்றிப் போகும். பார்ப்பதற்கு எல்லாம் சங்கேதமாகத்தான் போகும். ஆனால் யாருக்குப் போகிறது என்று கேட்பார் இல்லை. சரியான வழி, மருத்துவமனையின் பொதுத் திறவுகோலை முன்கூட்டியே நம்பகமான வழியில் பெற்று எழுதி வைத்துவிடுவதுதான். அரை மணி நேர வேலை!

எழுத்து முன்னாலா, பின்னாலா?

எஸ்.எஃப்.டி.பி. போலவே எஃப்.டி.பி.எஸ். என்றும் ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றல்ல. முன்னது எஸ்.எஸ்.எச். வழிக்குள் ஓடுவது. பின்னது பழைய எஃப்.டி.பி.யின் மேல், இணையதளங்களில் நீங்கள் காணும் பூட்டுச் சின்னத்துக்குரிய டி.எல்.எஸ். என்ற பாதுகாப்பைப் போர்த்தியது. எஃப்.டி.பி.யில் கட்டளைகள் ஓர் இணைப்பிலும் கோப்பு வேறோர் இணைப்பிலும் போகும். ஆகவே எஃப்.டி.பி.எஸ். பயன்படுத்துபவர் இரண்டும் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டளை இணைப்பு மட்டும் பூட்டப்பட்டு, கோப்பு திறந்தபடியே போகவும் இடமுண்டு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இவையெல்லாம் பயணத்தை மட்டுமே காக்கின்றன. கோப்பு போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள வட்டில் சாதாரண எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். மூடிய வண்டியில் அஞ்சல் அட்டைகள் போவது போல! வண்டிக்குள் இருக்கும் வரை பாதுகாப்பு. இறக்கி வைத்தால் யாரும் படிக்கலாம். ஆகவே முக்கியமான கோப்பானால், அனுப்புவதற்கு முன்பே கோப்பையே உறையிலிட்டு ஒட்டிவிடுவது நல்லது. அமெரிக்கரான ஃபில் ஜிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற முறை இதற்கு உதவுகிறது. பெறுபவரின் பொதுத் திறவுகோலால் பூட்டினால் அவருடைய அந்தரங்கத் திறவுகோலால் மட்டுமே திறக்க முடியும். அப்பாச்சி கேமலின் பாதையில் இதையும் ஒரு படியாகச் சேர்த்துவிடலாம்.

திறந்திருந்தால் போதுமா?

நிரலை எல்லாரும் பார்க்கலாம் என்பதால் குறைகள் தாமாகவே மறைந்துவிடுமா? மறைந்துவிடாது. பார்க்கலாம் என்பது வேறு. பார்க்கிறார்கள் என்பது வேறு.

2006இல் 'டெபியன்' என்ற திறந்த மூல இயக்க அமைப்பில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். தேவையற்றது போலத் தோன்றிய இரண்டொரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அந்த வரிகள்தாம் திறவுகோல் உண்டாக்கும்போது ஊகிக்க முடியாத எண்களைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தன. விளைவு? அதன்பின் அந்த அமைப்பில் உண்டான எஸ்.எஸ்.எச். திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், சுமார் 33 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் முயன்று பார்த்துவிடலாம்! 2008 மே மாதத்தில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. பூட்டின் கணிதத்தில் குற்றமில்லை. திறவுகோல் ஊகிக்கக்கூடியதாகிவிட்டது, அவ்வளவே.

2024 மார்ச்சில் வேறொன்று நடந்தது. 'எக்ஸ்.இசட்.' என்பது கோப்பைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். அதைக் கவனித்துவந்தவருக்கு உதவி செய்வது போல இரண்டாண்டுகளுக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், அதில் ஓர் இரகசியக் கதவை ஒளித்து வைத்தார். சில இயக்க அமைப்புகளில் அது எஸ்.எஸ்.எச். சர்வரோடு சேர்ந்து இயங்கும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர் தம் கணிப்பொறியில் எஸ்.எஸ்.எச். நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். "அரை நொடிதானே" என்று விட்டுவிடவில்லை. நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்டிக்கொண்டே போக முடிந்தது. கதவு அகப்பட்டது. உலகின் பெரும்பாலான சர்வர்களைச் சென்றடையும் முன்பே அது அடைக்கப்பட்டது.

ஆக, முதல் கேள்விக்கு இப்போது என்ன சொல்வீர்கள்? படம் வெளியான பூட்டை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் மூன்று நிபந்தனைகள். பூட்டின் படத்தை நிபுணர்கள் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். திறவுகோல் நீளமானதாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். அதை நீங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தம் நிரலை எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் வெளியிடும்போது, அதோடு அந்தரங்கத் திறவுகோலையும் சேர்த்து வெளியிட்டுவிடுபவர்கள் உண்டு. பூட்டின் படத்தோடு சாவியையும் வாசலில் மாட்டிவிட்டுப் போவதைப் போன்றது அது. நாளை உங்களில் யாரேனும் இத்தகைய நிரல் எழுத நேர்ந்தால், இரவு இரண்டு மணிக்குப் போகும் அந்தக் கோப்பில் ஒருவருடைய இரத்த வகை இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

பகா எண் 23, அடிப்படை எண் 5. இருவர் பேசிக்கொண்டபோது ஒருவர் 11 என்றும் மற்றவர் 21 என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நீங்கள் ஒட்டுக்கேட்பவர். அவர்கள் அடைந்த இரகசிய எண் என்ன? 5இன் அடுக்குகளை 23ஆல் வகுத்து வரும் மீதிகளை அட்டவணையாக எழுதிக்கொண்டு தேடுங்கள். ஒரு குறிப்பு: ஒவ்வொரு முறையும் பெரிய எண்ணை வகுக்க வேண்டியதில்லை, முந்தைய மீதியை 5ஆல் பெருக்கி 23ஆல் வகுத்தால் போதும். விடை 17 என்று வந்தால் நீங்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். பிறகு, பகா எண்ணுக்கு 23 இலக்கங்கள் இருந்தால் உங்கள் அட்டவணை எவ்வளவு நீளமாகும் என்று எண்ணிப் பாருங்கள்.